தோற்றவர் தரும் சொல்

அந்த ஆட்டம் ஒரு மாயாஜால நாவலில் வந்தது. இரண்டு அரசிகள் கற்களை நகர்த்தி ஆடுவார்கள். அரசிக் கல் வெட்டுப்பட்டால் தோல்வி; தோற்றவள் ஒரு சொல்லைக் கொடுத்துவிட வேண்டும். ஜெயித்து மீட்கும்வரை அதை உச்சரிக்கக் கூடாது. பிரசன்னாவும் ஹேமலதாவும் கல்யாணமான புதிதில் அட்டையில் கட்டம் போட்டு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். முதலில் அவன் ‘உப்பு’ என்ற சொல்லைத் தோற்றான். அன்றிலிருந்து சாப்பிடும்போது ஜாடியை விரலால் காட்டுகிறான். போன வருஷம் ஜெயித்தபோது, அவளைச் சீண்டுவதற்காக, ‘வரேன்’ என்ற சொல்லைக் கேட்டு வாங்கினான். அதன்பிறகு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் கையை மட்டும் அசைப்பாள்.

இன்று அவளுடைய பெட்டிகள் இரண்டும் வாசலில் இருந்தன.

“போறேன்” என்றாள்.

“அப்படிச் சொல்லாத. ஒரே ஒரு ஆட்டம். ஜெயிச்சு அந்த வார்த்தைய வாங்கிக்கோ.”

அட்டையை விரித்தான். அவள் நின்றபடியே ஆடினாள். ஏழாவது நகர்த்தலில் அவன் தன் அரசிக் கல்லைக் காவலில்லாமல் அவள் கல்லுக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தான்.

“வெட்டு, ஹேமா.”

அவள் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூலையில் இருந்த வேறொரு கல்லை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

“நீ ஆடு” என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டாள்.