பச்சைத் தண்ணீர்

“அடுப்பை நீ அணைக்கிறியா, இல்ல நானே தண்ணிய ஊத்தி அணைக்கட்டுமா?”

கொல்லைப்பக்கம் வந்து நின்று பரசுராமன் கத்தினார். காஞ்சனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பின் புகைக்குழாயைக் குச்சியால் நாலு தட்டுத் தட்டினாள். உள்ளே அடைத்திருந்த கரி பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஊத்திப் பாருங்க பாவா. அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல.”

பரசுராமன் அவள் புருஷனுக்கு அண்ணன். அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். தம்பி பெண்டாட்டி தன்னிடம் எதிர்த்துப் பேசுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. குரலை இன்னும் உயர்த்தினார்.

“குளத்துலேர்ந்து பதினோரு குடம் தண்ணி வந்து எறங்கியிருக்குது. நம்ம பெரியவங்க வழக்கம் அது. வெந்நீர்லதான் குளிப்பாட்டணும்னு நீ இன்னா புதுசா சட்டம் போடறே? வந்த ஜனம் சிரிக்காது?”

“சிரிக்கட்டும். பன்னெண்டு வருஷமா மாமா மேல ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணி பட்டதில்ல. இன்னிக்கும் படாது.”

அவள் மாமனார் ஜெகநாதன் நாற்பது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு லுங்கி நெய்தவர். குழியின் ஈரம் எலும்பில் ஏறிவிட்டது. மார்கழியில் மலைக்காற்று இறங்கினால் போதும், மனிதர் முனக ஆரம்பித்துவிடுவார். பச்சைத் தண்ணீர் பட்டாலோ உடம்பு தூக்கித் தூக்கிப் போடும்.

அதற்காகத்தான் இந்த அடுப்பு. அவர் படுக்கும் அறையின் வெளிச்சுவரை ஒட்டி, செங்கல்லும் களிமண்ணும் குழைத்துக் காஞ்சனாவே கட்டியது. மேலே செப்புத் தவலை. தவலையில் தண்ணீர் கொதிக்கும்போது சுவரும் சூடேறி, உள்ளே அறை முழுக்கக் கதகதப்பாகிவிடும். ஜெகநாதன் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, “ஆங், இப்பதான் உசுரு வருது,” என்பார்.

தினமும் சாம்பலை வார வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை குழாயில் கரி தட்ட வேண்டும். விரிசல் விட்டால் களிமண் பூச வேண்டும், தவலை வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் அவள் ஒருத்திதான். பரசுராமன் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சுள்ளி ஒடித்துப் போட்டவரில்லை. வழக்கம் பேச மட்டும் வந்துவிட்டார்!

மழையில் விறகு நனைந்திருந்தது. உள்ளிருந்து காய்ந்த புளியங்கட்டை இரண்டைத் தேடி எடுத்து வந்து செருகி, குனிந்து ஊதினாள்.

ஜெகநாதனின் அக்கா தாயாரம்மாளும் கொல்லைப்பக்கம் வந்து சேர்ந்தாள். காலையில்தான் கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள்.

“இன்னாம்மா இது? வாசல்ல அவ்ளோ ஜனம் குந்திகினு இருக்குது, நீ இங்க அடுப்பு ஊதிகினு இருக்கே. கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் செவந்து கெடக்குது!”

“புகை பெரிம்மா. வெறகு ஈரம்.”

“அவன் சொல்றதைக் கேளும்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“குளுர்ல நடுங்கனது வழக்கம் இல்ல பெரிம்மா, மாமாதான். அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ நானு.”

தாயாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரசுராமனுக்குப் பொறுமை போய்விட்டது. கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கி வந்தார். காஞ்சனா எழுந்து குறுக்கே நின்றாள். கையில் பாதி எரிந்த கட்டை.

“பாவா, இந்த நெருப்புல ஒரு சொட்டு விழுந்துது, இந்தக் கட்டையோட வாசலுக்கு வருவேன். ‘அரக்கோணம் இன்னா சீமையிலயா இருக்குது, பெத்த அப்பனை இவரு வருஷத்துக்கு எத்தினி தபா வந்து பார்த்தாரு?’ன்னு அத்தினி ஜனத்துக்கு முன்னால கேப்பேன். கேக்கட்டுமா?”

வாளி மெதுவாகத் தரையில் இறங்கியது. பரசுராமன் அடுப்பைப் பார்த்தார். கரி ஏறிய சுவரைப் பார்த்தார். தம்பி பெண்டாட்டியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“ராகு காலம் பொறக்கறதுக்குள்ள முடிக்கணும்,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “சீக்கிரம் ஆவட்டும்.”

தவலையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. காஞ்சனா இரண்டு வாளியில் மொண்டு, அளவாக விளாவி, முழங்கையைவிட்டுச் சூடு பார்த்தாள். ஒரு வாளியை அவள் தூக்கினாள். இன்னொன்றைத் தூக்கக் குனிந்தபோது அங்கே பரசுராமனின் கை இருந்தது.

வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மரப்பெஞ்சின் பக்கத்தில் வாளியை இறக்கி, ஒரு செம்பு மொண்டு, தினமும் கேட்பதையே அன்றும் கேட்டாள்.

“மாமா, சூடு பதமா இருக்குதா?”

தினமும் வரும் ‘ஆங்’ வரவில்லை. விடியற்காலையில் யாரோ வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்த அவருடைய இரண்டு கால் கட்டைவிரல்கள் மேல், காஞ்சனா வெந்நீரை மெல்ல ஊற்றினாள்.