தாண்டக் கூடாதவள்

முன்னே போன ஷாந்தீன் பாறை விளிம்பைப் பிடித்து எம்பி மேலே ஏறியபோதுதான் லவீனா அதைப் பார்த்தாள்.

கால்சட்டையின் பின்புறத்தில் கையகல மண் கறை. அதற்கு நடுவே இன்னொரு கறை.

அந்தப் பள்ளத்தாக்கில் மண்ணும் சிவப்பு, மலையும் சிவப்பு. ஆனாலும் மண்ணின் சிவப்பு வேறு, இது வேறு என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா?

அக்காள் மகள். எட்டாம் வகுப்பு. ஓட்டப் பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் பெரியவளாகியிருக்கிறாள்.

"என்ன சின்னம்மா, மூச்சு வாங்குதா? எங்க வீட்டுக் கிழட்டு ஆடுகூட இந்நேரம் மேல ஏறியிருக்கும்!" என்று மேலிருந்து சிரித்தாள் ஷாந்தீன்.

"வாய மூடிட்டு ஏறுடி."

சொல்லவேண்டியது அது இல்லை. ஆனால் வாயில் வந்தது அதுதான்.

பெண்களில் இவர்கள் இருவருக்கு முன்னால் யாரும் இல்லை. மற்றவர்கள் இன்னும் கீழே, மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தார்கள். மேட்டின்மேல் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

பெரியவளான பெண் விடியற்காலையில் கிழக்கே பார்த்து ஓடவேண்டும். சொந்தக்காரப் பெண்களெல்லாம் கூவிக்கொண்டே அவள் பின்னால் ஓடுவார்கள். பின்னால்தான். அவளை யாரும் தாண்டக் கூடாது. தாண்டுகிறவளுக்கு அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே கிழடு தட்டிவிடும். அமெரிக்கப் பழங்குடியான நவஹோ வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லவீனாவின் பின்னால் யாரும் ஓடியதில்லை.

அவளுக்கு வந்தபோது அவள் எங்கோ தூரத்து விடுதிப் பள்ளியில் இருந்தாள். கையில் பஞ்சைக் கொடுத்து, படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடச் சொன்னார்கள். முடிந்தது சடங்கு.

அதனால்தானோ என்னவோ, வருஷா வருஷம் இந்த ஓட்டத்துக்கு வந்து நின்றாள். ஒரே ஒரு தடவை, எல்லாரும் பின்னால் வர, தான் முன்னால் போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் ஆசை. இன்னொரு வருஷம் முழங்கால் தாங்காது என்று அவளுக்கே தெரியும்.

ஏற்றம் முடியும் இடத்தில் ஷாந்தீன் சட்டென்று ஒதுங்கி, பாறையோடு முதுகை ஒட்டிக் குந்தினாள்.

"லேஸ் அவுந்துடுச்சு. நீ போ, சின்னம்மா."

லவீனா நின்றாள்.

சொல்லிவிடு என்றது மனசு. சொல்லாதவரைக்கும் வரவில்லை என்றுதானே அர்த்தம் என்றது அதே மனசு. நாலு பேருக்குத் தெரிந்த பிறகுதானே சடங்கு? எனக்குத்தான் ஏற்கெனவே நரைத்துவிட்டதே, இனிமேல் புதிதாக என்ன கிழடு தட்டுவது?

"சீக்கிரம் வந்து சேரு" என்று சொல்லிவிட்டுத் தாண்டினாள்.

தாண்டும்போது குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஷாந்தீன் கூவினாள். சடங்குப் பெண்ணின் பின்னால் ஓடுகிறவர்கள் தொண்டை கிழியக் கூவுவார்களே, அந்தக் கூவல். பாறைச் சுவர்கள் அதை வாங்கி வாங்கித் திருப்பித் தந்தன. ஒருத்தி கூவியது ஊரே பின்னால் திரண்டு வருவதுபோலக் கேட்டது.

இதற்குத்தானே ஆசைப்பட்டாள்? கிடைத்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

"வந்துட்டாங்கப்பா நம்ம லவீனா!" என்று அலறியது ஒலிபெருக்கி. "யாராச்சும் ஒரு நாற்காலி போடுங்க. ஆனா உக்காந்தா மறுபடி எந்திரிக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்!"

சனம் சிரித்தது. முதலாவதாக வந்தவளுக்குத் தரும் கம்பளியை யாரோ அவள் தோளில் போர்த்தினார்கள். அக்காள் வெர்னா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த ஷாந்தீன் நேராகச் சின்னம்மாவிடம் வந்தாள். கம்பளியின் ஒரு பாதியை இழுத்துத் தன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு காதோடு சொன்னாள்.

"எனக்கு வந்துடுச்சு, சின்னம்மா. கீழ மணல்ல ஓடும்போதே தெரிஞ்சுது."

"அங்கயே ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ என்னைத் தாண்டவே மாட்டியே. உன்னைப் பத்தித் தெரியாதா எனக்கு?"

லவீனா கம்பளியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துவிட்டாள்.

விஷயம் வெர்னாவின் காதுக்குப் போனது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனைக் கூப்பிடணும், சோளம் அரைக்கணும், சடங்கைப் பாடி நடத்துற பாட்டுக்காரரிடம் நாள் கேட்கணும் என்று பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக அடுக்கிக்கொண்டே போனவள், திடீரென்று மகளைப் பார்த்தாள்.

"ஆமா, உன்னை யாருடி நீவிவிடறது?"

சாதாரணக் கேள்வி இல்லை அது. பெரியவளான புதிதில் பெண்ணின் உடம்பு ஈரக் களிமண்போல இருக்குமாம். கம்பளிமேல் படுக்கவைத்து, நல்ல மனசுக்காரி ஒருத்தி தலை முதல் கால்வரை நீவிவிடவேண்டும். நீவுகிறவளின் குணம் அப்படியே பெண்ணுக்குள் இறங்கிவிடும். அதற்கு ஆள் தேடி அடுத்த ஊர்வரை போகிறவர்களும் உண்டு.

ஷாந்தீன் யோசிக்கவே இல்லை.

"சின்னம்மாதான். இந்தக் கம்பளிமேலயே."

லவீனா மறுக்க வாயெடுத்தாள். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

"கையக் காட்டுடி, ஒரே மண்ணா இருக்கு" என்று தங்கையிடம் சொல்லித் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள் வெர்னா.

லவீனா கைகளை நீட்டினாள்.