நூறும் கறுப்பு

“நூறு அனுப்பினியே மச்சான், அதுல ஒண்ணே ஒண்ணாவது எரியக்கூடாதா?”

செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பொரிந்து தள்ளினார் கடைக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப்பாகக் கடை. இரண்டு வாரம் பூட்டிக் கிடந்து, திங்கட்கிழமைதான் திறந்திருந்தார். திறந்த கையோடு வந்து இறங்கியது அந்தப் பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற டச் டிஸ்ப்ளே, நூறு உருப்படி. வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கருவி செய்து பார்க்கிற ஆசாமிகள் மலிவாகக் கிடைக்குமா என்று தேடி அலைகிற சரக்கு.

“மாமா, ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்துத்தான் பேக் பண்ணேன்.”

“நானும் ஒவ்வொண்ணா மாட்டித்தான் பார்த்தேன். தொட்டா பீப் சத்தம் வருது. படம்தான் வரல. நூறும் கறுப்பு. சொந்தக்காரன்னு நம்பினதுக்கு என் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டே.”



“நாளைக்கு நானே வரேன் மாமா. என் கண்ணு முன்னால மாட்டிக் காட்டுங்க. எரியலைன்னா நூறையும் எடுத்துட்டுப் போயிடறேன். அதோட உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவன். போனை வைத்ததும், அவனிடமா இப்படிப் பேசினோம் என்றிருந்தது கடைக்காரருக்கு. ஆனால் ஒன்றா இரண்டா, நூறு. எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வீட்டில் இன்னும் மோசம்.

“என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டு எந்த முகத்தை வச்சுக்கிட்டு சாப்பிட உட்கார்றீங்க?” என்றாள் மனைவி. சாப்பாடு போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை, கடையைத் திறக்கும்போதே தபால்காரர் வந்து நின்றார். அவருக்குப் பொழுதுபோக்கு, தொட்டிச் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் பெட்டி செய்வது. முந்தின நாள்தான் மலிவாக டிஸ்ப்ளே கேட்டு வந்திருந்தார். “செத்த சரக்குதான் இருக்கு. டச் மட்டும் போதும்னா பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்குங்க” என்று ஒளிக்காமல் சொல்லி, பத்து எடுத்துக் கொடுத்திருந்தார் கடைக்காரர்.

“அண்ணே, மனசு கேக்கல. உண்மையைச் சொல்லிடறேன். பத்தும் எரியுது.”

“எது எரியுது?”

தபால்காரர் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். டிஸ்ப்ளேயைப் படுக்கைவசமாகப் பொருத்தியிருந்தார். அதில் நீல நிறத்தில் ஒரு நீர்த்துளி பளபளத்தது. தொட்டார், துளி இரண்டானது. கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“இது என் சரக்கேதானா?”

“வேற எங்கே வாங்கப் போறேன்? நல்ல சரக்குக்கு உள்ள விலையை எடுத்துக்குங்க” என்று பணத்தை வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார் மனிதர்.

கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அவசரமாக மாட்டினார். நிமிர்த்தி வைத்தார். கறுப்பு. கையில் எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினார். படம் மின்னலாக எட்டிப் பார்த்தது. திரும்ப நிமிர்த்தினார். போயே போச்சு.

படுத்தால் எரிகிறது, நிமிர்ந்தால் அணைகிறது. இதென்ன கூத்து? ஒயரை மாற்றினார். போர்டை மாற்றினார். ஒருவேளை தனக்குத்தான் கோளாறோ என்று தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் தபால்காரருக்குக் கைராசியா? இல்லை, வியாபாரத்தின் மேல் எவனாவது கண் வைத்துவிட்டானா?

மத்தியானம் மச்சான் வந்தான். பெட்டியை ஏற்றிப்போக வண்டியும் கொண்டுவந்திருந்தான். பின்னாலேயே அவன் அக்காவும் வந்து, உள்ளே நுழையாமல் வாசலில் நின்றாள்.

“வா. வந்து நீயே பாரு. உனக்காகத்தான் இருபது பீஸ் மாட்டி வரிசையா நிமிர்த்தி வச்சிருக்கேன்.”

மச்சான் மேஜையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அக்காவும் எட்டி மேஜையைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

“என்ன, பேச்சைக் காணோம்?” என்றார் கடைக்காரர். “நான் உன்னைத் திருடன்னு சொன்னது தப்புன்னா, எரியறதைக் காட்டு. இந்த நிமிஷமே உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

“மாமா, இருபதும் எரியுது.”

“அக்காவும் தம்பியும் சேர்ந்துக்கிட்டு என்னைப் பைத்தியக்காரன் ஆக்கறீங்களா?”

மச்சான் கிட்டே வந்து, கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாமா கழற்றாமல் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை அவர் முகத்திலிருந்து மெல்ல எடுத்தான். மேஜை மேல் இருபது திரையும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

“கூசற வெளிச்சத்தை வடிகட்டற கண்ணாடி மாமா இது. அதைப் போட்டுக்கிட்டு இந்த மாதிரி டிஸ்ப்ளேயை நிமிர்த்திப் பார்த்தா கறுப்பாத்தான் தெரியும். பக்கவாட்டுல திருப்பினா படம் வரும்; செல்போன் திரை வேற ரகம், அதுல எப்படிப் பார்த்தாலும் தெரியும். தப்பு என்மேலதான்” என்றான் மச்சான். “உங்க கண்ணு கூசக்கூடாதேன்னு, கடை கடையா ஏறி இறங்கி உசத்தியான கண்ணாடியா வாங்கி அனுப்பினவன் நான்தானே.”