எரிக்க வந்த பைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த கழிவு எரிக்கும் ஆலைக்கு லாரியோடு வந்து இறங்கினான் நவநீதன். லாரி நிறைய, விற்காமல் தங்கிப்போன தோல் கைப்பைகள். ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் ரூபாய். எல்லாவற்றையும் எரித்து, அதை வீடியோ எடுத்து, கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

காக்கிச் சட்டையும் கையுறையுமாக ஒரு பெண் வந்து, ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"புத்தம் புதுசா கீதே சார்! இத்தப் போயி எரிக்கறீங்களா?"

"நூத்தம்பது வருஷத்துக் கம்பெனிம்மா. விக்காததை எரிப்போமே தவிர, தள்ளுபடியில தர மாட்டோம்."

"இங்க பன்னெண்டு பொம்பளைங்க வேலை செய்யறாங்க. மீஞ்சூர்லருந்தும் பொன்னேரிலருந்தும் ரயில்ல இடிபட்டுக்கினு வராங்க. ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போங்களேன்."

நவநீதன் சிரித்துவிட்டான். "உங்க தோள்ல இது தொங்கினா, அப்புறம் எந்தப் பணக்காரன் வாங்குவான்? கண்டவங்க கைக்குப் போகாம இருக்கறதுதான் எங்க பிசினஸே. சரி, போய் ஓனரைக் கூப்பிடு. மூணு வருஷ கான்ட்ராக்ட் கொண்டாந்திருக்கேன். கையெழுத்து வேணும்."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, காகிதங்களை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தாள். பிறகு அவனிடமே திருப்பி நீட்டினாள்.

"ஓனர் கையெழுத்துப் போட மாட்டாங்க சார்."

"அதைச் சொல்ல நீ யாரு?"

"ஓனரு. பேரு ஏஞ்சலின். எங்க தோளுக்கு ஆகாத பை எங்க கைக்கும் ஆகாது. வண்டியத் திருப்பிக்கினு கெளம்பு!"