மூன்று நாள் இருட்டு

சுராபாயாவில் ஹென்ட்ரோ பவழம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் பாசி படர்ந்தது. விளக்கை அணைத்துக் கறுப்புத் துணியால் மூன்று நாள் மூடிவைத்தால் பாசி செத்துவிடும் என்றார் மீன்கடைக்காரர். அப்படியே மூடினான்.

மறுநாள் காலை துணியை விலக்கிப் பார்த்தான். கண்ணாடியின் உட்பக்கப் பாசியில், மணலுக்குச் சற்று மேலே, நான்கு விரல்கள் இழுத்த தடம் இருந்தது.

"வூலான், தொட்டிக்குள்ள கையை விட்டியா?"

"அந்த நாத்தத்துலயா? உங்களுக்கு வேற வேலையில்ல" என்றாள் மனைவி.

அடுத்த நாள் தடம் பாதிக் கண்ணாடிவரை ஏறியிருந்தது. தொட்டியின் மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

மூன்றாம் நாள் கயிறு தரையில் கிடந்தது. தடம் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக இறங்கியிருந்தது.

படுக்கையறையிலிருந்து வூலான் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க. பாப்பா கன்னத்துல பச்சையா நாலு கோடு. தொடச்சாலும் போகமாட்டேங்குது."