கோயில் சரியில்லை

"ரெண்டு நாள் தாங்குதுங்க. மூணாம் நாள் பேட்டரி செத்துப் போயிடுது. லைட் இல்லாம நைட் ஷிப்டுக்கு எப்படிப் போறது?"

தள்ளிவந்த மோட்டார் சைக்கிளை மெர்லிமாவ் ஊர் மோட்டார் பட்டறை வாசலில் நிறுத்திய பிறகுதான் பவானேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருடம் கழித்தும் மறக்காத முகம்.

திருச்செல்வம் எழுந்து கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"உங்கப்பா மோட்டாராச்சே?"

"அவர் தவறிட்டாரு. இப்ப நான்தான் ஓட்டுறேன். புதுச் சாமான் எதுவும் மாத்தச் சொல்லாதீங்க, கட்டுப்படியாகாது."

"பழசே போதும்லா. உக்காருங்க."

ஜன்னல் திட்டில், வெள்ளைப் பாலிஷ் போட்ட சின்னப் பள்ளிச் சப்பாத்துகள் காய்ந்துகொண்டிருந்தன. அவனுடைய பிள்ளைகளுடையதாக இருக்கும்.

எஞ்சின் மூடியைக் கழற்றியபடி, நிமிராமலே கேட்டான். "வீட்டுக்காரர் என்ன வேலை?"

"கல்யாணம் ஆகலை."

கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. "வேற இடம் பார்த்தாச்சுன்னுதானே உங்கப்பா என்னை வாசலோட அனுப்பினாரு? மறுநாள் காலையிலயே வந்தேனே."

"அப்பா கோவத்துல சொன்னது. சாமி உத்தரவு இல்லாம எப்படிக் கொடுப்பாரு?"

"சாமி உத்தரவா?"

இவனா இப்படிக் கேட்கிறான்? பெண் பார்த்துப் பிடித்துப்போன பிறகு, 'காலையில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் முன்னால் பூப்போட்டுப் பார்க்கிறோம், வெள்ளைப் பூ வந்தால் சாயந்தரம் தட்டோடு வருகிறோம்' என்று சொல்லிப் போனவன் அவன்தான். வீடு நிறைய சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். இருட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு மணியம் மாமா லோரியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "கோயில் சரியில்லையாம். வரலையாம்."

சாமி வேண்டாமென்ற பெண்ணை அதன்பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அவளும் பதினோரு வருடமாக எந்த மாரியம்மனையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

திருச்செல்வம் எஞ்சினுக்குள் எதையோ பிடித்து இழுத்தான். பிறகு எதிர்ப்புற மோட்டார் சாமான் கடையைப் பார்த்து மலாயில் கத்தினான்.

"தவுக்கே! கோயில் லாமா அடா?"

"அடா, அடா!" என்று, இருப்பதாகச் சீன முதலாளியின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

பவானேஸ்வரி திடுக்கிட்டாள். "எந்தக் கோயில்?"

"இதுதான்." கருகிய செப்புக் கம்பிச் சுருளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "காயில். மலாய்ல கோயில்பாங்க, பட்டறையில நாங்களும் அப்படியே பழகிட்டோம். இது கருகிட்டா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. பழசு ஒண்ணு இருக்காம், போட்டுடலாம்."

அவள் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் அதைத் தொட்டாள்.

"அன்னைக்கு மணியம் மாமாகிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க?"

"அம்மாவைப் பின்னால வச்சிக்கிட்டு, மடியில தட்டோட, ரெம்பியாகிட்ட மோட்டார் கெட்டு நடுரோட்டுல நின்னுட்டேன். அவரு லோரி வந்துச்சு. 'கோயில் சரியில்ல, மாத்திட்டு நாளைக்கு வர்றேன்'னு..."

அவன் பாதியில் நிறுத்தினான். உள்ளங்கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"பூ நல்லாத்தான் வந்துச்சு, பவானி. வெள்ளைப் பூ."