கடல் காணாத கணவாய்

கடலுக்கு வெகு தூரத்திலிருந்த நாவுலயில் சிமெந்துத் தொட்டி கட்டிக் கணவாய் மீன் வளர்த்த தாஹிர் முதலாளிக்கு அன்று காலையிலேயே வெறுத்துவிட்டது.

“திருகோணமலையில இருந்து கடல்தண்ணி ஏத்தி ஏத்தி லொறியே துருப்பிடிச்சிப் போச்சு. எல்லாத்தையும் கொண்டுபோய்க் கடல்லயே விட்டுருவோம், புள்ள.”

குஞ்சுகளுக்கு இறால் போட்டுக்கொண்டிருந்த அழகம்மா நிமிர்ந்தாள். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து போய் விலங்கியல் பட்டம் வாங்கியவள். வாய் சும்மா இருக்காது.

“இதுக கடலைக் கண்டதே இல்ல, முதலாளி. இந்தத் தொட்டியிலதான் பொறந்துச்சு. தாயும் இங்கதான் பொறந்துச்சு. அங்க விட்டா ஒரு நாள் தாங்காது.”

“கடல்தானே அதுகட சொந்த இடம்?”

“யார் சொன்னா?”

முதலாளி தொட்டியை எட்டிப் பார்த்தார். நகத்தளவு கணவாய்கள் அவள் கையைச் சுற்றியே நின்றன.

“உன்னோட பேசி ஜெயிக்க ஏலுமா? சரி, இங்கேயே இருக்கட்டும். பொறந்த இடத்தை விட்டு வெரட்டினாப் பாவம். நாளைக்குத் தண்ணியை மாத்திரு.”

“நாளைக்கு வேற யாரையாச்சும் பாருங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். பிரஜாவுரிமை இல்லைன்னு எங்களை இந்தியாவுக்கு அனுப்புறாங்க. தலைமன்னார்ல நாளைக்குக் கப்பல்.”

“அல்லாஹ்வே! அங்க உங்களுக்கு எந்த ஊரு?”

மீதி இறாலைத் தொட்டியில் கொட்டியபடியே சொன்னாள்.

“தெரியாது, முதலாளி. அப்பாவே பார்த்ததில்லையாம்.”